‘ஒரே ப்ளரா இருக்கு’: மூளை மந்தமா, முதலில் மணியைப் பாருங்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ப்ளர்’. “காலையிலேருந்து ஒரே ப்ளரா இருக்கு” என்று சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரியை மூன்று முறை படித்தும் மனத்தில் ஒட்டாது. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு இறங்க மறுக்கும். எல்ஆர்டியில் இறங்கவேண்டிய நிலையம் தாண்டிய பிறகுதான் உறைக்கும். தூக்கக் கலக்கம் மாதிரிதான், ஆனால் முகம் கழுவினால் போகாது.

இது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் எப்படிப் பல நோய்களுக்குப் பொதுவோ, அப்படித்தான் இதுவும். இரத்தச் சோகை, தைராய்டு, குறட்டை, இனிப்புநீர் (நீரிழிவு), சளி மாத்திரை, மனச்சோர்வு, கோவிட் விட்டுப்போன மிச்சம் என்று எது வேண்டுமானாலும் பின்னால் இருக்கலாம். அதனால்தான் ‘மூளைக்கு நல்லது’ என்று விற்கும் எதையும் முதல் மாதம் வாங்க வேண்டாம் என்கிறோம். வல்லாரையைத் துவையலாகவோ மலாய்க்காரர்களைப்போல் பச்சையாகப் பெகாகா உலாமாகவோ சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் உடம்பில் இரும்பு வற்றிக் கிடப்பவருக்கு வல்லாரை இரும்பை ஏற்றித் தராது.

காரணம் எதுவாக இருந்தாலும் மந்தத்துக்கு ஒரு நேரம் உண்டு. எழுந்ததும் கனக்கும் தலை வேறு, மதியச் சோற்றுக்குப் பின் கனப்பது வேறு, ஒரு நாள் அலைந்துவிட்டு மறுநாள் விழுந்து கிடப்பது வேறு. எந்த மணிக்கு என்று தெரிந்தாலே தேடவேண்டிய இடம் பாதி குறைந்துவிடும்.

அதற்கு மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்த 555 நோட்டு ஒன்று போதும். 14 நாள் எழுத வேண்டும். படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், என்ன மாத்திரை, கோப்பியும் தேயும் எத்தனை மணிக்கு. பிறகு காலை 8, முற்பகல் 11, மாலை 3, இரவு 8 ஆகிய நான்கு வேளையும் மந்தத்துக்கு 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண். 0 தெளிவு, 3 என்றால் கையில் எடுத்த வேலையைக் கீழே வைத்துவிட்டீர்கள் என்று பொருள். மனம் போடும் மதிப்பெண் ஏமாற்றும் என்பதால் ஒரு சின்னச் சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தை எடுத்து, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்கு எண்ணிக்கொண்டே சொல்லுங்கள். காலையில் ‘க’ என்றால் மாலையில் ‘ப’, மறுநாள் ‘ம’, ‘வ’. பழகப் பழக எண்ணிக்கை ஏறும், அதைக் கண்டு மகிழ வேண்டாம். ஒரே நாளுக்குள் காலைக்கும் மாலைக்கும் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. நோட்டு கையில் இல்லாத நாளில் இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள். மந்தம் இருப்பவரின் நினைவை நம்பி எழுதும் குறிப்பு எப்படி இருக்கும்!

எழுந்ததுமே 3 விழுகிறது, பத்துப் பதினொரு மணிக்கு மேல் தேறுகிறது என்றால் பதில் படுக்கையறையில் இருக்கிறது. முதல் சந்தேகம் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியவர் ஆகமாட்டார். பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் படுங்கள். குறட்டை, திடீர் மௌனம், பிறகு ஒரு பெரிய இழுப்பு: இந்த வரிசைதான் அடையாளம். காலையில் தலைவலி, வறண்ட வாய், இரத்த அழுத்தம், 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு ஆகியவை கூடினால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒல்லியானவருக்கு வராது என்பது தவறு; தாடை சிறுத்தவர்களுக்கும் வரும். தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்கக் காற்றழுத்த முகமூடி கொடுத்தால் முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பெரும்பாலும் முகமூடியின் அளவு பொருந்தாததும் காற்று கசிவதுமே காரணம். கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதற்கு முன் முகமூடியை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் அறைக் காற்று. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது; இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும். டெங்கிக்குப் பயந்து சன்னலைச் சாத்தி, குளிர் போகாமலிருக்கக் கதவையும் சாத்தி, மூன்று பேர் படுத்தால் விடியும்போது காற்று புளித்திருக்கும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவை வேலையிடங்களுக்குக் கரியமில வாயுவின் உச்சமாக 1000 பிபிஎம் வைத்திருக்கிறது. அடைத்த படுக்கையறையில் விடிகாலை 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். அளக்க விரும்பினால் என்டிஐஆர் (அகச்சிவப்பு) உணரி உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுவை வைத்து ஊகித்து எண் காட்டும். வாசனைத் திரவியம் அடித்தாலே எகிறுவதுதான் அவற்றின் அடையாளம். மீட்டரே இல்லாமலும் ஒரு வாரம் கதவை ஒரு சாண் திறந்துவைத்துப் படுத்துப் பார்க்கலாம். சன்னலுக்குக் கொசுவலை அடித்தால் இன்னும் நல்லது.

புகைமூட்ட நாளில் இது தலைகீழாகும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிச் சன்னலைச் சாத்திவிட்டு உள்கதவை மட்டும் கூடத்துக்குத் திறந்து வையுங்கள். அறையின் காற்று வீட்டுக் காற்றோடு கலந்து நீர்க்கும். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. அதை ஓடவிட்டுக் கதவையும் இறுகச் சாத்திக்கொள்பவர்கள் அதிகம்.

மூன்றாவது, முந்தின நாள் மாத்திரை. கிளினிக்கில் பிளாஸ்டிக் உறையில் ‘உபாட் செல்செமா’ (சளி மருந்து) என்று எழுதிக் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் 4 மில்லிகிராம் குளோர்பெனிரமின். பெரியவர்களின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். இரவு போட்டதன் மிச்சம் மறுநாள் மீட்டிங்கில் கூடவே உட்கார்ந்திருக்கும். வீட்டு மருந்து டப்பாவில் மீந்து கிடப்பதை மூக்கடைப்புக்கெல்லாம் எடுத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வாமைக்குத் தினமும் மாத்திரை தேவைப்படுபவர்கள் லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற தூக்கம் குறைந்த வகையைப் பார்மசியில் கேட்கலாம். சில இருமல் மருந்துகள், பயண வாந்தி மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், காபாபென்டின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மருத்துவர் தொடர்ந்து போடச் சொன்னதை, குறிப்பாகத் தூக்க மாத்திரையை, நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய வேகத்தில் வேறு சிக்கல் வரும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மதியம் ஒன்று முதல் மூன்றுக்குள் சற்று மந்தமாவது உடலின் கடிகாரத்திலேயே உள்ளது, சாப்பிடாவிட்டாலும் வரும். அதன்மேல் நாசி கண்டாரில் சோறு மலையாக, குழம்பு ‘பாஞ்சிர்’ என்று வெள்ளமாக, பக்கத்தில் சீனிப்பாலோடு தே தாரிக் என்றால் மந்தம் பள்ளமாகும். சோற்றைப் பாதியாக்கி, முதலில் காய், மீன், முட்டையைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். பானம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடை. வெயிலில் வேண்டாம், ஐந்தடிப் பாதையின் நிழலோ பேரங்காடியின் உள்தளமோ போதும். இதற்குப் பிறகும் மதியம் சாய்ந்துவிடுகிறீர்கள் என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரல் நுனியில் ஒரு சர்க்கரை அளவு எடுத்துப் பாருங்கள். 7.8 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எனவே இதை ‘சும்மா அசதி’ என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவருக்கு எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போடுபவரோ இன்சுலின் குத்துபவரோ சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கி, பேச்சு குழறி, காரணமில்லாமல் எரிந்து விழுவார். வீட்டார் ‘கோபக்காரர்’ என்று விட்டுவிடுவார்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999. தைப்பூச விரதத்துக்கு ஒருவேளை உணவுக்கு மாறுபவர்கள் மாலை போடுவதற்கு முன்பே மாத்திரை அளவை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். விரதத்தின் முதல் இரண்டு மூன்று நாள் தலைவலியும் மந்தமும் வந்தால் சில சமயம் அது பசியே அல்ல, விட்ட கோப்பி. நான்கு குவளை குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு குவளையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்த வலி பெரும்பாலும் வராது.

தண்ணீர் பற்றி நிறையச் சொல்லப்பட்டுவிட்டது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். ஒன்றை மட்டும் சேர்க்கிறோம்: இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதியசைட் வகை மாத்திரை போடும் முதியவர், ‘நிறைய குடி’ என்ற அறிவுரையைக் கேட்டு லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய் அதனாலேயே குழம்புவார்.

படுத்திருக்கும்போது தெளிவு, சமையலறையில் பத்து நிமிடம் நின்றால் மந்தம், கூடவே படபடப்பு என்றால் ஒரு சோதனை உண்டு. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பத்து நிமிடம் அசையாமல் படுத்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். எழுந்து, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க, முதுகைச் சுவரில் சாய்த்து, பேசாமல் ஆடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை அளவு. அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடி நின்றால், பதின்ம வயதினருக்கு 40, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும், பத்து நிமிடத்தை முடித்தே தீரவேண்டும் என்ற வீம்பு வேண்டாம்.

அலைந்து வேலை செய்த அன்று ஒன்றுமில்லை, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து ஆளே சரிந்துவிடுகிறார் என்பது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வகை. கோவிட் வந்துபோனவர்களிடம் இது உண்டு. தொற்று தொடங்கி மூன்று மாத வாக்கில், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும் அறிகுறிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் கோவிட்டுக்குப் பிந்திய நிலை என்று வரையறுத்தது. இவர்களிடம் போய் “எக்சர்சைஸ் செய்தால் சரியாகும்” என்பது புண்ணில் உப்பு. கொஞ்சம் தேறிய நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு மூன்று நாள் படுக்கிறார்களே, அந்தச் சுற்றைத்தான் முதலில் உடைக்க வேண்டும். நல்ல நாளிலும் முடிந்ததில் பாதியோடு நிறுத்துவது, களைப்பு வருமுன் படுப்பது, இருட்டில் கைபேசியில்லாமல் படுப்பது. இரண்டு மணி நேரம் பில் பார்ப்பதும் மூளைக்கு மாடி ஏறுவதுதான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணை மூடுங்கள்.

நான்கு வேளையும் ஒரே மதிப்பெண், மந்தத்துக்கென்று ஒரு நேரமே இல்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய வேளை. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணம். 40 வயது கடந்த எஸ்டிஆர் என்ற அரசாங்கப் பண உதவி பெறுவோருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அங்கே என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். ‘தலை ஒரு மாதிரியா இருக்கு’ என்பதை அவசரத்தில் ‘பெனிங்’ என்று சொல்லிவிடுகிறோம். பெனிங் என்றால் தலைவலி அல்லது தலைச்சுற்றல். தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின் தூக்கம் வரவைப்பது; ப்ளருக்கு மேல் இன்னொரு ப்ளர். “சுசா நாக் ஃபோக்குஸ், செலாலு லூப்பா, டா தீகா மிங்கு” (கவனம் குவிவதில்லை, அடிக்கடி மறதி, மூன்று வாரமாகிறது) என்று நேராகச் சொல்லி, 555 நோட்டை மேசையில் வையுங்கள்.

கேட்கவேண்டியவை முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை), சிறுநீரகமும் உப்பும். தனியார் ஆய்வகத் தொகுப்புகளில் விலை ஏறுவது புற்றுநோய்க் கட்டிக் குறியீடுகளால். ஃபெரிட்டின் பல தொகுப்புகளில் இருப்பதே இல்லை. ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராமுக்கு மேல் இருக்கிறது, சோகை இல்லை என்று அனுப்பினால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். சேமிப்பு வற்றிய பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் இருப்பு காலி. 30-க்குக் கீழேயே பல மருத்துவர்கள் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல் அடித்த வாரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக்காட்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறது, ஒரு மணி இரண்டு மணிக்கே அணையாடை நனைகிறது, ஏறக்குறைய 50 சென் நாணய அளவுக்குக் கட்டி விழுகிறது என்றால் மாத்திரையோடு அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் தண்ணீர் நிறையாது.

இரும்பு மாத்திரையில் அடிக்கடி நடக்கும் தவறு, தேயோடு போடுவது. தே, கோப்பி, பால், கால்சியம் எல்லாமே இரும்பைத் தடுக்கும். வெறும் வயிற்றில், இரண்டு துண்டு கொய்யாவோடு போட்டு, தேயை இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். வயிறு பிசைந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்; உறிஞ்சப்படும் விகிதம் அப்படிப் போடும்போது கூடத்தான் செய்கிறது. மலம் கறுக்கும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பாதியில் விடுபவர்கள்தான் அடுத்த ஆண்டும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முருங்கைக் கீரை நல்லதுதான், ஆனால் இந்த அளவுக்கு இறங்கிய இருப்பைக் கீரை மட்டும் ஏற்றாது. சார் குவே தியோ நூடுல்ஸில் ஒதுக்கிவைக்கும் கெராங் சிப்பியில் இரும்பும் பி12-ம் அதிகம். நன்றாக வெந்திருக்க வேண்டும். இன்னொன்று: நம் நாட்டில் தலசீமியா மரபணு உள்ளவர்கள் அதிகம். அவர்களுக்கும் சிவப்பணு சிறுத்துத் தெரியும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவது அவர்களுக்கு வேண்டாத வேலை.

பி12 குறைவு நம்மிடம் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று சுத்த சைவம், இன்னொன்று வருடக்கணக்கில் மெட்ஃபோர்மின். இரண்டும் சேர்ந்தவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பாதம் மரத்துப்போவதை ‘இனிப்புநீர்தான்’ என்று விட்டுவிட்டால் நரம்பு திரும்பாத அளவுக்குப் போகலாம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் இரத்தம் தேறியதுபோலக் காட்டி நரம்புச் சேதத்தை மறைத்துவிடும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கி, பசியாற அரைமணி முதல் ஒரு மணி வரை பொறுக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது தைராய்டு எண்களைக் கோணலாக்கும்.

எல்லா எண்ணும் சரி, எதிலும் ருசியில்லை, விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு, அழுகை முட்டுகிறது என்றால் மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டு செய்பவர்களுக்கு மேலே சொன்ன மணிக்கணக்கு பொருந்தாது, அவர்கள் கணக்கே வேறு. இரவு ஷிப்டில் கோப்பியை முன்பாதியிலேயே முடித்துவிடுங்கள். காஃபின் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம். விடியற்காலை 4 மணிக் கோப்பி காலை 9 மணிக்கும் பாதி விழித்திருக்கும். வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி. தூங்கி வழிந்தபடி பைக் ஓட்டாமல் தொழிற்சாலைப் பேருந்து. சன்னலில் கறுப்புக் குப்பைப் பையை வெட்டி ஒட்டினால் போதும், விலையுயர்ந்த திரை தேவையில்லை. ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வராவிட்டால் காலையில் ஐந்தும் ஷிப்டுக்கு முன் ஒன்றரையுமாகப் பிரிக்கலாம். இடைவேளையில் 20 நிமிடத் தூக்கம் நல்லது. எழுந்து 15 நிமிடமாவது ஆகும்வரை இயந்திரத்தில் கை வைக்காதீர்கள். விடுமுறை நாளில் பகல்வாசியாகத் திரும்பிவிடாமல் விடியற்காலை 3 மணி வாக்கில் படுத்து நண்பகலுக்கு எழுந்தால் அடுத்த ஷிப்டில் உடம்பு இவ்வளவு முரண்டு பிடிக்காது.

திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொய்ந்து, பேச்சு குழறினால் நோட்டும் வேண்டாம் கிளினிக்கும் வேண்டாம், 999. காய்ச்சல் விடும் தறுவாயில் ஆள் சோர்ந்து குழம்பி, வயிறு வலித்து, வாந்தி நிற்காவிட்டால் டெங்கியின் எச்சரிக்கை, அன்றே மருத்துவமனை. அறுபது கடந்தவர் பழகிய தாமான் குடியிருப்புக்குள்ளேயே வழி தெரியாமல் நின்றால் அது ப்ளர் அல்ல, தனியாகப் பார்க்கவேண்டிய விஷயம்.

மருந்து பிடித்துத் தெளிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை வண்டி ஓட்டுவதுதான் பெரிய கவலை. நோட்டில் 2 விழுந்த வேளையில் பாலத்தில் ஏறாதீர்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தித் தூங்க இடமில்லை. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் வழியில் கண் கட்டினால் அடுத்த ஆர்அண்ட்ஆர் ஓய்விடத்தில் நிறுத்தி, முதலில் ஒரு கோப்பி ஓ கோசோங் குடித்துவிட்டு, இருக்கையைச் சாய்த்து 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். கோப்பி வேலைசெய்யத் தொடங்க அவ்வளவு நேரம் எடுக்கும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்த கையோடு சாவியைத் திருகாமல், கழிவறைவரை நடந்துவிட்டு வந்து ஓட்டுங்கள்.